பன்மொழிப் பிள்ளைகளும் ஒருமொழிப் பள்ளியும்

(நமது சங்கத்தின் திருவள்ளூர் - கும்மிடிப்பூண்டி வட்டார மகாநாட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நம் சங்கத்துக் காரியதரிசியவர்கள் நமக்குக் கட்டளையிட்டார்கள். கல்வியின் சிறப்பை இவ்வவையில் விரித்துரைத்தல் கொல்லர் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். பிள்ளைகளைப் படிக்கவைத்தலே முதற்பணி எனக் கொண்டெழுந்த சங்கம் இது. இதன் விடுதியில் உண்டு படித்தோர் பலர் இப்பந்தலில் வீற்றிருக்கின்றனர். ஆதலின் பொதுப்படப் பேசாது ஒரு சிறு பொருளையே எடுத்துக்கொள்வாம். பிற்பகலில் ஒரு தீர்மானம் இம்மகாநாட்டின் முன் வரவிருக்கின்றது. கும்மிடிப்பூண்டியில் நம் சங்கத்துக்குள்ள மண்டபத்தை, மாலையில் இரண்டு மணி நேரம், வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பொருட்டு ஒழித்துத் தரலாமா என்பதே அது. ஆதரிப்போரும் உளர், எதிர்ப்போரும் உளர். வாக்களிக்குமுன், அப்பிள்ளைகள் யாவர், பள்ளியில் அவர்கள் படும் பாடு யாது என்பவற்றை, நாள்தோறும் அவர்களைக் காணும் உபாத்தியாயர் என்ற முறையில் சொல்லுதல் நம் கடமையாயிற்று.

செங்கற்பட்டு ஜில்லாவினின்றும் 1997-ஆம் ஆண்டில் பிரிந்த இத்திருவள்ளூர் ஜில்லா என்றுமே ஒருமொழி நிலமாக இருந்ததில்லை. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதியன்று திருத்தணி ஆந்திரத்தினின்றும் நம்மோடு சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர்த் தாலுகாக்களின் சிற்றூர்கள் சில அப்பக்கம் சென்றன. எல்லைக்கல்லைக் கேட்டா வீட்டுப்பேச்சு நடக்கும்? பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை, ஆரம்பாக்கம் பக்கங்களில் அடுக்களையில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக வாழும் குடும்பங்கள் இன்றும் மிகப் பல. அதன்மேல், சென்னையினின்றும் கல்கத்தாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையும் பெருஞ்சாலையும் கும்மிடிப்பூண்டி வழியே செல்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்புருக்கு ஆலைகள் பீகார், ஜார்க்கண்டு, ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய நாட்டினின்றும் ஆட்களை ஈர்த்தன. முதலில் தனியாளாக வந்தவர், பின்பு மனைவி மக்களோடு வரலாயினர். ஈழத்துப் போரினின்றும் தப்பி வந்தோர் வாழும் முகாமொன்றும் அங்கேயே உளது. 2021-ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தார் இத்தகைய முகாம்களை மறுவாழ்வு முகாம் என வழங்குகின்றனர். ஏரிக்கரைகளில் இருளர் குடியிருப்புகளும் உள. நாம் தமிழ் பயிற்றும் ஆறாம் வகுப்பொன்றில் தமிழ், தெலுங்கு, ஒடியா, போஜ்புரி, ஈழத்தமிழ் என ஐவகைப் பேச்சு ஒரே வேளையில் கேட்கும். மதிய உணவு மணி அடித்தவுடன் ஐந்தும் ஒன்றாய்க் கலந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இவ்வாறு வேறுபட்ட பிள்ளைகள் ஓரிடத்தே கூடியவிடத்து ஆசிரியர் செய்யத்தக்கது யாது? தமிழ் கற்றோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது நன்னூலே. பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எண்வகைப்படுத்தி, முதலிரண்டைத் தலை எனவும், அடுத்த இரண்டை இடை எனவும், ஏனைய நான்கைக் கடை எனவும் வைத்தார். இவ்வுவமைகள் மாணாக்கன் பாடத்தைக் கொள்ளும் வழக்கத்தைப் பற்றியனவேயன்றி, அவன் பிறந்த குலத்தையோ, தாய்மொழியையோ, தந்தையின் தொழிலையோ பற்றியன அல்ல. இக்காலத்து ஆசிரியர் சிலர் இதனை மறந்தனர். ஆசிரியர் அறையிலே, “அது ஆடு, ஓரிடத்தில் நில்லாது” என்றும், “அது ஓட்டைக்குடம், எவ்வளவு ஊற்றினும் தங்காது” என்றும், “இந்திக்காரப் பிள்ளை, விட்டுவிடுங்கள்” என்றும் கூறும் சொற்களை நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம்.

ஆட்டின் கதையைச் சிறிது விசாரிப்போம். ஒடிசாவின் மேற்கிலுள்ள பலாங்கீர், நுவாபடா முதலிய ஜில்லாக்களில் புத்தரிசி உண்ணும் நுவாகாய் என்னும் பண்டிகை ஆவணி புரட்டாசியில் வரும். அது கழிந்தபின் தரகர் கையால் முன்பணம் பெற்ற குடும்பங்கள் புறப்படும். மழை ஓய்ந்து மார்கழி தை மாதங்களில் நம் ஜில்லாவின் செங்கற்சூளைகளில் கல்லறுக்கும் வேலை தொடங்கும். மறுபடியும் மழை தோன்றும் ஆனி மாதத்தளவில் முடியும். அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவது. இங்கே ஜூனில் தொடங்குவது. ஆகவே அப்பிள்ளை அங்கே பாதிப் பாடத்தில் பெயர்ந்து வந்து, இங்கேயும் பாதிப் பாடத்தில் நுழைந்து, நம் பள்ளி புதிய வகுப்புத் திறக்கும் வேளையில் ஊருக்கு வண்டி ஏறுகின்றது. இங்குமங்கும் ஒவ்வொரு தழையைக் கடித்துச் செல்லும் ஆடு என்று இதனைச் சொல்லுதல் எளிது. ஆனால் கயிற்றைப் பிடித்து இழுத்துச் செல்பவர் வேறொருவராயிருக்க, ஆட்டின் குணத்தைக் குறை கூறுவது என்ன நியாயம்? ஓட்டைக்குடமும் அத்தகையதே. ஆறு மாதம் புத்தகத்தைத் தொடாதிருந்தால் நம் வீட்டு அன்னங்களும் மறக்கும். நீண்ட விடுமுறை கழிந்து வந்த பிள்ளையைப் பெருக்கல் வாய்பாடு சொல்லச் சொல்லிப் பார்த்தவர்க்கு இது தெரியும்.

இனித் தமிழ்ப் பாடத்தில் அப்பிள்ளைகள் செய்யும் பிழைகளுக்கு வருவாம். இவ்விடத்தில் சற்று விரித்துப் பேச அனுமதி வேண்டுகிறோம். நம் தொழிலே இதுவாகலான்.

ஒடியாச் சிறுவன் ஒருவன் ‘கடல்’ என்பதைக் ‘கொடொல்’ என வாசிப்பான். வகுப்பு சிரிக்கும். ஒடியாவிலும் வங்காளத்திலும் அகரத்தை ஏறக்குறைய ஒகரம் போலவே ஒலிப்பர். அவன் தன் தாயிடம் கற்ற அகரத்தை இங்கும் ஒலித்தான், அவ்வளவே. பிறிதொருவன் ‘கொடு’ என்பதைக் ‘கோடு’ என்றும், ‘எடு’ என்பதை ‘ஏடு’ என்றும் எழுதுவான். இந்தியிலும் ஒடியாவிலும் எகர ஒகரங்களில் குறில் நெடில் என்னும் எழுத்து வேறுபாடு இல்லை. நம் முன்னோர் ஓலைச்சுவடிகளிலும் இவ்வேறுபாடு பெரும்பாலும் எழுதிக் காட்டப்படவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தின் பின்னரே இன்றைய வடிவங்கள் நிலைபெற்றன. சுவடி படித்த பண்டிதரைப் போற்றும் நாம், அதே தடுமாற்றமுடைய சிறுவனை மந்தமதி என்பது பொருந்துமா?

ககரம் ஒன்றே நமக்குண்டு; அவர்களுக்கோ நான்கு. “ஐயா, இவ்விடத்தில் எந்தக் க?” என்று ஒரு பீகார்ச் சிறுமி கேட்டால், நீரைக் கலக்கும் எருமை இதுவென்று சினப்பாரும் உளர். அக்கேள்வி இலக்கணக் கேள்வி. ‘கல்’ என்பதிலும் ‘பக்கம்’ என்பதிலும் வல்லோசை, ‘தங்கம்’ என்பதில் மெல்லினத்தை அடுத்து வேறோசை, ‘அகம்’ என்பதில் இளகிய ஓசை என்று நாம் விடையிறுத்த அன்று, தமிழ்ப் பிள்ளைகளும் தம் வாயில் இவ்வளவு நிகழ்கின்றதா என வியந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தனர். அவ்வொலி விதியை அதற்குமுன் அவர்கள் எண்ணியதேயில்லை. பிறமொழிப் பிள்ளைகள் உடனிருந்தால் நம் பிள்ளைகள் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோர் இதனைக் கவனிப்பாராக.

ளகரம் இன்னொரு வேடிக்கை. அவ்வொலி ஒடியாவில் உண்டு. பொது இந்தியில் இல்லை. ஆகவே ஒடியாப் பிள்ளை ‘பள்ளி’ என்பதைப் பழுதறச் சொல்லும். பீகார்ப் பிள்ளை ‘பல்லி’ என்னும். இருவரையும் ‘வடநாட்டார்’ என்று ஒரே கூடையில் இடும் ஆசிரியர்க்கு இது புலனாகாது. (‘மழை’யை ‘மளை’ என்னும் நம்மவர் இருவரையும் பார்த்துச் சிரியாதிருத்தல் நன்று.)

தெலுங்குப் பிள்ளை, “எங்கள் அம்மா வந்தது” என எழுதும். தெலுங்கில் ஒருமைப் பெண்பாலும் அஃறிணையும் ஒரே வினைமுடிபு கொள்வன. ஒடியாவிலோ வினைமுற்றில் ஆண்பால் பெண்பால் வேறுபாடே இல்லை. ஆதலின் “அக்காள் வந்தான்” என்ற வாக்கியத்துக்காக ஒரு பிள்ளையைப் பெஞ்சின்மேல் நிறுத்துவதில் பயனில்லை. ‘வந்தான், வந்தாள், வந்தது’ என மூன்றையும் பக்கத்தில் எழுதி, படமொன்றும் போட்டால் பத்து நாளில் தெளியும். முகாமிலிருந்து வரும் ஈழத்துப் பிள்ளையின் நிலையோ வேறு. அவள் ‘பேசினான்’ என்னுமிடத்தில் ‘கதைத்தான்’ என்றும், ‘கொசு’ என்னுமிடத்தில் ‘நுளம்பு’ என்றும் எழுதியதற்குச் சிவப்பு மை இட்ட விடைத்தாளை நாம் கண்டதுண்டு. அச்சொற்கள் தமிழ்ச் சொற்களே. அங்கே திருத்தம் பெறவேண்டியது விடைத்தாள் அன்று.

நிற்க. இவையெல்லாவற்றினும் பெரிய கேடு கணக்குப் பாடத்தில் நிகழ்வது. ஒரு வியாபாரி இத்தனை மாம்பழம் வாங்கி, இத்தனை அழுகிப்போக, மிஞ்சியதை இன்ன விலைக்கு விற்றான் என்று தமிழில் ஒரு கணக்குக் கொடுப்போம். சூளையில் வளர்ந்த பிள்ளை அதனைப் பார்த்து விழிக்கும். பூச்சியம் இடப்படும். அதே கணக்கை எண்களால் கரும்பலகையில் எழுதினால் மற்றையோர்க்கு முன்னே விடை கூறும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படும் களத்திலே, வரிசை வரிசையாய் அடுக்கிய கல்லை எண்ணி, தாய் தந்தையர்க்குக் கூலி குறையாமற் பார்த்து வளர்ந்த பிள்ளையன்றோ அது! கணக்குத் தெரியாத பிள்ளை ஒன்று; கணக்கு எழுதப்பட்ட மொழி தெரியாத பிள்ளை வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிதலே இக்காலத்து ஆசிரியர்க்கு முதல் வேலை என்பது நம் துணிபு.

அரசாங்கத்தார் இத்துறையில் வாளாவிருந்தனர் என்று சொல்ல மாட்டோம். நம் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2007-ஆம் ஆண்டையொட்டிச் செயல்வழிக் கற்றல் முறை பரவியது. அவரவர் வேகத்தில் அவரவர் அட்டையைப் படிக்கலாயினர். 2022-ஆம் ஆண்டில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிப்பது அது. முறை நன்றே. ஆனால் தமிழில் அரும்பாயிருக்கும் பிள்ளை கணக்கில் மலராயிருக்கக் கூடும் என்பதை ஆசிரியர் மறந்தால், மொழியில் இட்ட பெயரே எல்லாப் பாடத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். உணவு விஷயத்தில் அரசு செய்தது நன்கு பலித்தது. காலை உணவுத் திட்டத்தைக் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரித்த விழா 2024-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி நம் ஜில்லாவைச் சேர்ந்த கீழச்சேரியிலேயே நடைபெற்றது. ஒரே பந்தியில் இருந்து உண்ணும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிற்றுக்கு வேற்றுமை ஒழிந்தது தெரிகின்றது.

சட்டமும் பிள்ளைகள் பக்கமே நிற்கின்றது. அரசியலமைப்பில் 1956-ஆம் ஆண்டு சேர்க்கப்பெற்ற 350-அ என்னும் பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யுமாறு கூறுகின்றது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியதை ஈடுசெய்யத் தனிப்பயிற்சி தருக என்கின்றது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ பிள்ளையைத் திருப்பியனுப்ப இடமில்லை. ஆயினும், உருக்காலையில் வேலை செய்யும் ஒரு தந்தை சான்றிதழ் இன்மையால் மும்முறை ஒரு பள்ளியின் வாயிலினின்றும் திரும்பியதை நாம் அறிவோம். அவர் நாட்கூலிக்காரர், மூன்று நாள் கூலி போயிற்று. நான்காம் முறை அவர் போகவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் தமிழ் கற்க வேண்டும் என்னும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழாசிரியராகிய நாம் மனமார வரவேற்கின்றோம். இங்கு வாழ்வோர்க்குத் தமிழே கடைத்தெருவும், மருத்துவசாலையும், போலீசு நிலையமும். ஆனால் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாய்க் கற்பிக்க எண்ணிய சட்டம் அது. ஏழாம் வகுப்பில் ரயிலிறங்கி வந்தவனிடம் எடுத்தவுடன் செய்யுட் பகுதியைக் கேட்பது, நீந்தத் தெரியாதவனைப் பழவேற்காட்டு ஏரியின் நடுவே இறக்கிவிடுவதாகும்.

சூளைகளருகே அனைவருக்கும் கல்வி இயக்கத்தாரும் தொண்டு நிறுவனத்தாரும் கூடி நடத்திய பள்ளிகளை நம்மவருட் சிலர் கண்டிருப்பர். ஒடிசாவிலிருந்து ஒடியாப் பாடநூல்களை வரவழைத்து, அம்மொழி அறிந்தவரையே கற்பிக்க வைத்தனர். ஊருக்குத் திரும்பிய பிள்ளை அங்கே விட்ட இடத்தில் தொடரலாம் என்பது நோக்கம். மிக நல்ல ஏற்பாடு. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பலாங்கீர்ப் பக்கத்தார் வீட்டில் பேசுவது சம்பல்புரி. பாடநூல் ஒடியாவே அவர்களுக்குச் சற்று அயலானது. பீகாரிலிருந்து வருவோரையும் ‘இந்தி’ என்று எழுதிவிடுகின்றோம். வீட்டில் அவர்கள் பேசுவது போஜ்புரியோ, மைதிலியோ, மகஹியோ ஆகும். சேர்க்கைப் பதிவேட்டில் தாய்மொழி என்னும் கட்டத்தை நிரப்புமுன் பெற்ற தாயைக் கேட்டெழுதும் வழக்கம் வந்தாலே பாதி வேலை முடியும். கேரளத்து எறணாகுளம் ஜில்லாவில் 2017-ஆம் ஆண்டு தொடங்கிய ‘ரோஷ்னி’ என்னும் திட்டத்தில், பிள்ளைகளின் மொழியறிந்த தொண்டர்களைப் பள்ளிக்கு வரவழைத்து, அம்மொழி வழியே மலையாளம் கற்பித்தனர். அயலார் செய்த நன்மையை நாம் கைக்கொள்ளுதல் இழுக்காகாது.

அத்தகைய தொண்டர் கிடையாவிடின் என் செய்வது என்பீர்களாயின், நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை நினைவூட்டுவோம். மூத்த மாணாக்கன் இளையோர்க்குச் சொல்லிக்கொடுக்கும் அம்முறையைச் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியின் தலைவராயிருந்த ஆண்டுரு பெல் பாதிரியார் கையாண்டு, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்று சீமையெங்கும் பரவிற்று. ஐந்து வயதில் இங்கு வந்து இன்று தமிழும் ஒடியாவும் சரளமாய்ப் பேசும் பிள்ளைகள் மேல்வகுப்பில் உளர். அவர்களை மாலையில் ஒரு மணி நேரம் துணைக்கழைக்கலாம். பகலில், வகுப்பு நடக்கும்போதே அழைத்துப் போய் அவர்கள் பாடத்தைக் கெடுப்பதை மட்டும் நாம் ஒப்போம். அதனாலேயே மாலை நேரமும் மண்டபமும் வேண்டப்படுகின்றன.

இனி எதிர்ப்போர் கூற்றுக்கு வருவாம். “சங்கப் பணம் சங்கத்தார் பிள்ளைகளுக்கே” என்கின்றனர். உபகாரச் சம்பள நிதியில் ஒரு காசும் இதற்குக் கேட்கப்படவில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தின் விளக்கும் விசிறியுமே கேட்கப்படுகின்றன. திங்கள்தோறும் வரும் மின் கட்டண மிகுதியை ஆசிரியர் சிலர் சேர்ந்து தர ஒப்பியுள்ளோம். “அயல்நாட்டார்க்கு நாம் ஏன்?” என்பது இரண்டாவது கூற்று. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றோர் தமிழரே. இன்றும் மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அரசாங்க ஏற்பாட்டில் நடக்கின்றன. அங்கே தமிழில் தொடக்கக் கல்வி முடித்த பிள்ளை, மலாய் மொழியில் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லுமுன், மொழி தேர்வதற்கென ஓராண்டு ‘புகுமுக வகுப்பு’ வைத்தனர். மும்பை நகராண்மையார் தமிழ் வழிப் பள்ளிகள் நடத்தி வந்துள்ளனர். அங்கெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பிறர் அளித்ததையே இங்கே பிறர் பிள்ளைகளுக்குக் கேட்கின்றோம்.

மூன்றாவது கூற்றை வெளிப்படச் சொல்வார் இலர், நாம் சொல்லிவிடுகின்றோம். நம்மவருள் சூளை நடத்துவோர் சிலர் இவ்வவையில் உளர். பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விட்டால் களத்தில் கை குறையும் என்பது அவர்கள் கவலை. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பெற்ற பின்னர், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை எத்தொழிலிலும் அமர்த்துதல் குற்றம். குடும்பத் தொழிலுக்குள்ள விலக்கு சூளைக்குப் பொருந்தாது. சூளை முதலாளியுடையது, கல்லறுக்கும் குடும்பத்தினது அன்று. இதனைப் பகையாற் கூறுகின்றோம் அல்லேம். அவர்களுள் ஒருவர் சென்ற பருவத்தில் தம் சூளைப் பிள்ளைகளைத் தம் வண்டியிலேயே பள்ளிக்கு அனுப்பினார். பெற்றோரும் பருவம் முடியுமுன் வேலையை விட்டு ஓடினார் இலர். அவர் பெயர் சொல்லுதலை விரும்பார்.

தீர்மானம் நிறைவேறுமாயின் வேண்டுவன இவை: மண்டபத்தின் சாவி, ஒரு கரும்பலகை, பாய் பத்து, வாரத்தில் ஐந்து நாள் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை இடம். ஒடியா எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் சிப்காட்டில் பகல் முறை வேலை பார்க்கிறார். மாலையில் வர ஒப்பியிருக்கிறார். தமிழாசிரியர் மூவர் முறைவைத்து வருவோம். நம் சங்கத்துப் பிள்ளைகளும் விரும்பினால் உடனிருந்து வீட்டுப் பாடம் எழுதலாம். கல்லறுக்கும் குடும்பங்கள் மார்கழியில் வந்திறங்கும். அதற்குமுன் மண்டபத்துக்கு வெள்ளையடித்து, கூடத்தின் மேற்குப் பக்கத்து ஒழுக்கை அடைக்க வேண்டும். ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கின்றோம். சாவியை எவரிடம் பெறுவதென்று காரியதரிசியவர்கள் இன்று மாலைக்குள் தெரிவிப்பார்களாக.